மாமாவுக்கு, ரேவதி படித்துக் காட்டவும்

ஓசூர்,
மே மாதக் கடைசி ஞாயிறு.

மதிப்புக்குரிய மாமா நாராயணப்பன் அவர்களின் சமூகத்துக்கு, மாப்பிள்ளை விஜயகுமார் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சௌக்கியம். எல்லோரும் என்றால் நான் ஒருவன்தான். இருந்தாலும் கடிதத்தை அப்படித்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று ஆறாம் வகுப்பில் அடித்துச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அங்கே தாங்களும், ராஜாத்தி அத்தையும், என் மனைவி ரேவதியும், என் மகள் ஹரிணியும், மாந்தோப்பும், இரண்டு கறவை மாடுகளும் ஒரு குறையுமின்றி இருக்க மலைமேல் இருக்கும் சந்திரசூடேஸ்வரரை வேண்டிக்கொள்கிறேன்.

தாங்கள் சின்ன வயதில் தெலுங்குப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். தமிழில் பேச ஆரம்பித்தால் எதிரில் யாரும் நிற்க முடியாது. எழுத்து மட்டும் பிடிபடாது. ஆகவே இந்தக் கடிதத்தை ரேவதிதான் உங்களுக்குப் படித்துக் காட்டுவாள் என்பது எனக்குத் தெரியும். போனில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். ரேவதியின் போன் மாங்காய் கழுவும் தொட்டியில் விழுந்த நாளிலிருந்து அந்த வீட்டில் இருப்பது உங்கள் போன் ஒன்றுதான். நீங்களோ போனைக் காதில் வைக்கும் வழக்கம் இல்லாதவர். ஸ்பீக்கரில் போட்டு, உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு, தோப்பின் நடுவில் நின்று பேசுவீர்கள். போன வாரம் நான் ரேவதியிடம் 'சாப்ட்டியா?' என்று கேட்டதற்கு மாங்காய் பொறுக்குகிற பெண்கள் நாலு பேர் 'சாப்ட்டோம்' என்று பதில் சொன்னார்கள். அதற்குமேல் ஒரு புருஷன் என்ன பேச முடியும்? அதனால்தான் கடிதம்.

(ரேவதி, அடைப்புக்குறிக்குள் இருப்பதெல்லாம் உனக்கு மட்டும். வாய்விட்டுப் படித்துவிடாதே. 'ஏன் நிறுத்திட்டே?' என்று உங்கப்பா கேட்டால் என் கையெழுத்து புரியவில்லை என்று சொல். அதை அவர் சந்தோஷமாக நம்புவார்.)

விஷயத்துக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை போனில், 'பொதங்கெழம வரேன், ஹரிணி டிசிய வாங்கி இங்க வேப்பனப்பள்ளி ஸ்கூல்ல சேத்துடலாம், நீ வந்து ஒரு கையெழுத்து போட்டுடு மாப்ளே' என்று சொன்னீர்கள். அப்பன் கையெழுத்தில்லாமல் டிசி தர மாட்டார்கள். அந்தக் கையெழுத்தைப் போட்டுவிட்டால் என் பெண்ணும் பெண்டாட்டியும் அங்கேயே தங்கிவிட்டார்கள் என்று ஆகிவிடும். ஆகவே அதற்கு அவசியமே இல்லை என்று தெரிவிக்கத்தான் இதை எழுதுகிறேன். எனக்கு வேலை கிடைத்துவிட்டது மாமா. புதன்கிழமை தாராளமாக வாருங்கள். வரும்போது ரேவதியையும் ஹரிணியையும் கிரைண்டரையும் கூட்டிக்கொண்டு வரவும்.

நடந்தது உங்களுக்குத் தெரியும் என்றாலும் எந்தக் கஷ்டத்தையும் ஆரம்பத்திலிருந்து சொன்னால்தான் எனக்குக் கோவையாக வரும். பதினேழு வருடம் கான்ட்ராக்டில், பைக்குக்குள் போகிற பல்சக்கரத்தைத் தடவிப் பார்த்து நல்லது கெட்டது சொல்லிவந்தவன் நான். கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டினால் எந்தப் பல்லில் பிசிர் இருக்கிறது என்று சொல்லிவிடுவேன். ஜனவரியில், வெளிநாட்டு ஆர்டர் நின்றுபோச்சு என்றும், இல்லை உள்நாட்டு ஆர்டர்தான் நின்றுபோச்சு என்றும் ஆளுக்கொரு காரணம் சொல்லி எங்கள் கம்பெனியில் ஒரு ஷிப்டை எடுத்தார்கள். ஷிப்டை எடுத்தால் அந்த ஷிப்டில் நின்றவர்களையும் சேர்த்துத்தான் எடுப்பார்கள் என்பது பதினேழு வருடத்தில் எனக்குத் தோன்றியதே இல்லை. ஏப்ரலில் ஹரிணிக்கு எட்டாம் வகுப்புப் பரீட்சை முடிந்த மறுநாள், உங்கள் மாங்காய் வண்டியை ஓட்டும் கோபியோடு வந்தீர்கள். 'லீவுக்கு நாலு நாள் இருந்துட்டு வரட்டும்' என்றீர்கள். நாலு நாளைக்குப் போகிறவர்கள் கிரைண்டரை ஏற்றும்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். நான்தான் மறுபக்கம் பிடித்து ஏற்றிவிட்டேன். 'நீயும் வந்துடேன் மாப்ளே' என்று நீங்கள் மரியாதையாகத்தான் கூப்பிட்டீர்கள். மாமனார் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிறவன் நான் இல்லை என்று தெருவே கேட்கும்படி வீறாப்பாகச் சொன்னதும் நான்தான். அப்போது நீங்கள், 'சரி, வேல கெடச்சதும் ஒரு வார்த்த சொல்லு, அன்னைக்கே கொண்டாந்து வுட்டுடறேன்' என்றீர்கள். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

(ரேவதி, நீ போனதிலிருந்து குக்கரில் எனக்கு மூன்று பேருக்குத்தான் அரிசி போட வருகிறது. ஒரு டம்ளர், ஒரு டம்ளர் என்று வாயால் சொல்லிக்கொண்டே மூன்று அள்ளிவிடுகிறேன். காலையில் அந்தச் சோறு, மத்தியானம் அதே சோறு, மறுநாள் அதிலேயே மோரை ஊற்றிக் கரைக்கிறேன். வீட்டுக்கார முனிலட்சுமியம்மா தினமும் தண்ணீர் பிடிக்கும்போது 'ரேவதி யாவாக பர்தாளே?' என்று கன்னடத்தில், நீ எப்போது வருவாய் என்று விசாரிக்கிறார். 'வர்ற வெள்ளிக்கெழம' என்கிறேன். ஏழு வெள்ளிக்கிழமை போய்விட்டது. எந்த வெள்ளிக்கிழமை என்று அந்த அம்மா இதுவரை கேட்கவில்லை. நல்ல மனசு.)

வேலை தேடுவது இப்போது முன்போல இல்லை மாமா. பதினேழு வருடம் முன்னால் சிப்காட்டில் ஒரு கம்பெனி கேட்டில் போய் நின்றேன், 'உள்ள வா' என்றார்கள், போனேன். இப்போது முதலில் பயோடேட்டா கேட்கிறார்கள். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் கேட்டேன். அங்கிருந்த பெண், முன்பு யாருக்கோ அடித்து வைத்திருந்ததில் பெயரையும் வயதையும் விலாசத்தையும் மாற்றி நாலு நிமிடத்தில் கொடுத்துவிட்டாள். இரண்டு பக்கம், முழுக்க இங்கிலீஷ், பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. எட்டு கம்பெனியில் கொடுத்தேன். யாரும் படிக்கவில்லை. ஒன்பதாவது கம்பெனியில் ஒரு தம்பி மட்டும் கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டு நிமிர்ந்து, 'பரதநாட்டியம் எத்தன வருசமா ஆடறீங்க?' என்று கேட்டார். பொழுதுபோக்கு என்கிற இடத்தில் அந்தப் பழைய ஆளுடையது அப்படியே இருந்திருக்கிறது. நாற்பத்து மூன்று வயதில் வேலை கேட்டு நிற்கிறவனுக்கு இல்லை என்று சொல்லவும் பயமாக இருந்தது. அதற்காகத்தான் வேலை கொடுக்கப் போகிறார்களோ என்னவோ. 'இப்ப கொஞ்சம் டச் வுட்டுப்போச்சு சார்' என்றேன். அவர் என் காலைப் பார்த்தார், வயதைப் பார்த்தார், 'இருவத்தெட்டுக்குள்ளதான் எடுக்கச் சொல்லியிருக்காங்க' என்று மரியாதையாக எழுந்து நின்று அனுப்பிவைத்தார்.

பிறகு எல்லையைத் தாண்டி அத்திப்பள்ளியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் செக்யூரிட்டி வேலைக்குப் போனேன். தொப்பி பெரிது, கண்ணை மறைத்தது. அண்ணாந்து பார்த்தால்தான் யார் வருகிறார்கள் என்று தெரியும். அதில்கூடக் குறையில்லை. நாலாம் மாடிக்காரர் வளர்க்கும் நாய்க்கு என்னைப் பார்த்தால் பயமாக இருக்கிறது என்று முதல் நாள் சாயங்காலமே புகார் வந்துவிட்டது. அந்த நாய் அங்கே மூன்று வருடமாக இருக்கிறது, நான் அன்று காலையில்தான் வந்தவன். சர்வீஸ் பார்த்து என்னை நிறுத்திவிட்டார்கள்.

கிருஷ்ணகிரியில் நடந்த வேலைவாய்ப்பு முகாமுக்கும் போனேன். கல்யாண மண்டபம் கொள்ளாத கூட்டம். எல்லா மேசையிலும் இடித்துப் பிடித்து நின்றுவிட்டு, கூட்டமே இல்லாத ஒரு மேசையில் போய் உட்கார்ந்தேன். எதிர்காலத் தொழில் ஆலோசனை என்று அட்டையில் எழுதியிருந்தது. பார்வதி என்று ஒரு பெண், நம் ஹரிணிக்குப் பத்து வயது மூத்தவள் இருப்பாள், எழுந்து வணக்கம் சொல்லி ஒரு படிவத்தை எடுத்தாள். 'அஞ்சு வருசம் கழிச்சு நீங்க எங்க இருக்கணும்னு நெனைக்கறீங்க சார்?' என்றாள். 'அஞ்சு வருசம் எதுக்கும்மா, வர்ற ஞாயித்துக்கெழம எங்க இருப்பேன்னு தெரிஞ்சாலே போதும்' என்றேன். 'அப்படி எழுத முடியாது சார், கட்டம் பெருசா வுட்டிருக்காங்க' என்றாள். கொஞ்சம் யோசித்து, 'இதே வாடக வீட்டுல நான், எம்பொண்டாட்டி, பொண்ணு மூணு பேரும் உக்காந்து ஒண்ணா சாப்பிடணும்' என்றேன். அவள் அதை இங்கிலீஷில் எழுதினாள். எழுதியபிறகு பார்த்தால் பெரிய மனிதர்கள் போடும் திட்டம் மாதிரி கட்டம் நிறைய இருந்தது. நான் கிளம்பும்போது மெதுவாக, 'சார், ஒங்க பழைய கம்பெனில ஆபீஸ் பக்கம் எதாவது எடம் இருக்குமா? எனக்கு இது இந்த மாசத்தோட முடியுது' என்றாள். விசாரித்துச் சொல்கிறேன் என்று அந்தப் பெண்ணுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இப்படி நான் துவண்டு கிடந்தபோதுதான் மாமா, மே மாத முதல் வாரத்தில், சிப்காட்டில் ஒரு பெரிய கம்பெனி பஸ்ஸை அனுப்பி என்னை ஏற்றிக்கொண்டு போனது. போன அன்றைக்கே மேசை கொடுத்தார்கள். மத்தியானம் சாப்பாடு போட்டார்கள். கழுத்தில் மாட்டிக்கொள்ள அடையாள அட்டை கொடுத்திருக்கிறார்கள். அதில் போட்டோவும் இருக்கிறது. இதற்குமேல் ஒரு மாமனாருக்கு என்ன வேண்டும்?

(ரேவதி, இந்த இடத்தில் எழுந்து போய் உங்கப்பாவுக்குக் காபி போடு. இது நீளம். அடுப்படியில் நின்று நிதானமாகப் படி.

மேலே எழுதியதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. ஆனால் போட்டோ என்னுடையது இல்லை.

அன்றைக்கு ஓர் இன்டர்வியூ இருந்தது. மடிப்புக் கலையாமல் இருந்தது நீ தேய்த்து வைத்துவிட்டுப் போன பழைய கம்பெனிச் சட்டை ஒன்றுதான். அதைப் போட்டுக்கொண்டு காலை ஆறரைக்கு தர்கா பஸ் ஸ்டாப்பில் நின்றேன். அந்த நேரத்தில் ஓசூரில் யாரும் யாரையும் முகத்தைப் பார்த்து அடையாளம் காண்பதில்லை, சட்டையைப் பார்த்துத்தான் என்பது உனக்கே தெரியும். வெளிர்நீலச் சட்டை, கருநீலக் காலர். அதே சட்டையை இன்னொரு கம்பெனியிலும் கான்ட்ராக்ட் ஆட்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாது. ஒரு பஸ் வந்தது, நீலச்சட்டைக் கூட்டம் நகர்ந்தது, பதினேழு வருடப் பழக்கத்தில் என் காலும் கூடவே நகர்ந்தது. ஜன்னலோரம் இடம் கிடைத்தது. உட்கார்ந்தேன், தூங்கிவிட்டேன். பல நாள் கழித்து நிம்மதியான தூக்கம். கண் விழித்தபோது பஸ் ஒரு கேட்டுக்குள் நிற்கிறது. நான் பார்த்தே இராத கேட்.

முனிவேல் என்று கான்ட்ராக்ட் சூப்பர்வைசர் ஒருவர் படியில் நின்று தலையை எண்ணிக்கொண்டிருந்தார். பெயரெல்லாம் கேட்பதில்லை, தலைதான். என்னையும் சேர்த்து எண்ணி, 'முப்பத்தாறு! இன்னைக்கித்தான்யா கரெக்டா இருக்குது' என்று கையைத் தட்டினார். அப்புறம்தான் என் முகத்தைப் பார்த்தார். 'நீங்க ஆனந்த் அனுப்புன ஆளா? ஊருக்குப் போறேன், பதிலுக்கு ஒருத்தர அனுப்பறேன்னுதான் போனான். வர மாட்டீங்களோன்னு பயந்துட்டேன்' என்றார். நான் தலையை ஆட்டினேன். மேலும் கீழுமா, பக்கவாட்டிலா என்று எனக்கே நினைவில்லை. அவர் ஆனந்தின் அட்டையை என் கழுத்தில் மாட்டிவிட்டார். போட்டோவில் இருக்கிற தம்பிக்கு முப்பது வயதுகூட இருக்காது. மீசை இருக்கிறது. அதனால் நானும் மீசை வைத்திருக்கிறேன், நீ பார்த்துச் சிரிக்கக்கூடாது.

மேசையில் உட்கார வைத்தார்கள். பல்சக்கரம்! ரேவதி, என் விரல் தானாக ஓடியது. சரியாக இருக்கிறது என்று வேறு ஆள் தள்ளிவிட்டிருந்த குவியலில் பதினொன்றைப் பொறுக்கித் தனியே வைத்தேன். முனிவேல் அதை மேலே கொண்டுபோய்க் காட்டினார். திரும்பி வந்து, 'ஆனந்த் வர்ற வரைக்கும் நீங்களே வாங்கண்ணே' என்றார். அன்று மத்தியானம் கேன்டீனில் பீன்ஸ் பொரியல் போட்டார்கள். நீ செய்வதுபோல் தேங்காய் போட்டிருந்தார்கள். தட்டை வைத்துக்கொண்டு அழுதுவிட்டேன். எதிரில் இருந்தவர், 'காரமா?' என்று தண்ணீரை நகர்த்தி வைத்தார்.

இப்படியே மூன்று வாரம். அந்தப் பிரிவில் எல்லாரும் புதிது, அட்டையைப் பார்த்து என்னை ஆனந்த் என்றே கூப்பிடுகிறார்கள். அந்த ஆனந்துக்குக் குழந்தை பிறந்திருக்கிறது என்று ஆபீசில் யாரோ சொல்லிவிட, ஒரு நாள் மேசை முழுக்க என்னைச் சூழ்ந்துகொண்டு ஸ்வீட் எங்கே என்று கேட்டார்கள். என்ன செய்வது, மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தேன். 'பொண்ணா, பையனா?' என்றார்கள். பொண்ணு என்றேன். எனக்குப் பெண்ணைத்தான் தெரியும். எப்படி இருக்கிறாள் என்று கேட்டார்கள். ஹரிணி கைக்குழந்தையாக இருந்தபோது என் காதைப் பிடித்துக்கொண்டு தூங்குவாளே, விட்டால் விழித்துக்கொள்வாளே, அதைச் சொன்னேன். சொல்லச் சொல்ல நிறுத்த முடியவில்லை. ஷிப்டு மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. யாரோ ஒருவன் பிள்ளைக்காக நான் என் பிள்ளையை நினைத்து உருகிக்கொண்டிருந்தேன்.

ஆனந்த் திரும்பி வருவான் என்று பயமில்லையா என்று கேட்பாய். இருக்கிறது. ஆனால் மூன்று வாரமாக வரவில்லை. ஊரிலேயே ஏதாவது தொழில் பார்த்துக்கொண்டிருப்பான். இருக்கட்டும், நன்றாக இருக்கட்டும்.)

மாமா, இதற்குள் காபி குடித்திருப்பீர்கள். வேலை நிரந்தரமா என்று அடுத்தபடி கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பதிலுக்கு நானும் ஒன்று கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் தோப்பு நிரந்தரம், மரம் நிரந்தரம், வருடா வருடம் காய்க்கிறது. ஆனால் மாங்கூழ் பேக்டரிக்காரர்கள் இந்த வருடம் காயை வேண்டாம் என்று வண்டியைத் திருப்பி அனுப்புகிறார்கள் என்று கோபி சொன்னான். அதற்காக ராஜாத்தி அத்தையை யாராவது வந்து அழைத்துக்கொண்டு போய்விட்டார்களா? கஷ்டமோ நஷ்டமோ அவர்கள் உங்கள் பக்கத்தில்தானே இருக்கிறார்கள்? அந்த ஒரு கொடுப்பினையைத்தான் நானும் கேட்கிறேன்.

(ரேவதி, இதை உங்கப்பாவுக்குப் படிக்கும்போது குரலை மெதுவாக வைத்துக்கொள். கோபமாகப் படித்தால் கோபமாக எழுதினேன் என்று நினைத்துக்கொள்வார்.

எனக்கு உன்னை ரொம்பத் தேடுகிறது. வேலைக்குப் போகாமல் இருந்தபோது வேலை இல்லாததுதான் கஷ்டம் என்று நினைத்தேன். இப்போது போகிறேன், சாயங்காலம் வருகிறேன், கதவு முன்னால் வந்து நிற்கும்போதுதான் தெரிகிறது. கல்யாணமான நாளிலிருந்து நான் அந்த வீட்டுச் சாவியைத் தொட்டதே இல்லை. எந்தப் பக்கம் திருப்புவது என்று இன்னும் பிடிபடவில்லை. பூட்டோடு நான் மல்லுக்கட்டுவதை எதிர்வீட்டுக்காரர்கள் தினமும் பார்க்கிறார்கள். உள்ளே போனால், 'அப்பா, காலக் கழுவுப்பா' என்று கத்த ஆளில்லை. யாரும் சொல்லாமலே கழுவுகிறேன். அப்புறம் டிவியைப் போட்டுவிட்டுச் சமையல்கட்டில் உட்காருகிறேன், பக்கத்து அறையில் யாரோ இருப்பது மாதிரி இருக்கட்டும் என்று. நீ இருக்கும்போது இதில் ஒன்றைக்கூட நான் உன்னிடம் சொன்னதில்லை. சொல்லத் தோன்றவில்லை. பக்கத்திலேயே இருந்தாய்.)

ஆகவே மாமா, மேலே சொன்னபடி புதன்கிழமை மூவரும் கிளம்பி வரவும். டிசி ஓசூர் பள்ளிக்கூடத்திலேயே பத்திரமாக இருக்கட்டும். அடுத்த வாரம் திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்கும்போது ஹரிணி ஒன்பதாம் வகுப்பில் போய் உட்காரட்டும். பெரிய மனசு பண்ணி அனுப்பிவைத்தால், அடுத்த தடவை வரும்போது உங்கள் காலில் விழுந்து வாங்க வேண்டிய ஆசீர்வாதத்தை வாங்கிக்கொள்கிறேன். அத்தைக்கு என் நமஸ்காரம். ஹரிணிக்கு என் ஆசிகளும், வெயிலில் மரமேற வேண்டாம் என்ற கண்டிப்பும். நாளைக் காலை கோபி உழவர் சந்தைக்குக் காய் கொண்டுவரும்போது இதை அவனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் மேல் என்றும் மாறாத மரியாதை வைத்திருக்கும்,
வேலையிலுள்ள மாப்பிள்ளை,
விஜயகுமார்.

பின்குறிப்பு:

திங்கட்கிழமை காலை. கோபி காயை இறக்கிவிட்டு அவசரப்படுத்துகிறான். வண்டிமேல் காகிதத்தை வைத்து எழுதுவதால் எழுத்து கோணலாகத்தான் இருக்கும். இதில் அடைப்புக்குறி எதுவும் இல்லை. ரேவதி, முழுக்க வாய்விட்டே படி.

மாமா, இன்று காலை பஸ் ஸ்டாப்பில் ஆனந்த் வந்து நின்றான். ஆனந்த் யாரென்று உங்களுக்குத் தெரியாது. என் கழுத்தில் தொங்கிய அட்டை அவனுடையது. மேலே வேலை வேலை என்று நான் எழுதியதெல்லாம் அவனுடைய வேலை. அவன் ஊருக்குப் போயிருந்தான், அவன் இடத்தில் நான் நின்றேன், அவ்வளவுதான். ரேவதி காபி போடப் போன நேரத்தில் அதைத்தான் படித்துக்கொண்டிருந்தாள். அவளைக் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

இன்று பஸ்ஸிலேயே வந்திருந்த சூப்பர்வைசர் முனிவேல் என்னைத் தனியே இழுத்துப்போய், 'கை சுத்தம்ணே ஒங்களுது. எனக்கு நீங்கதான் வேணும். அவன அடுத்த மாசம் பாத்துக்கலாம்னு சொல்லி அனுப்பிடறேன், நீங்க ஏறுங்க' என்றார். நான் ஏறத்தான் போனேன் மாமா. சத்தியமாக ஒரு காலைப் படியில் வைத்துவிட்டேன். அந்தத் தம்பிக்கு எதுவும் தெரியாது. யாரிடமோ சொல்லி அவன் ஏற்பாடு செய்துவிட்டுப் போன ஆள் நான்தான் என்று நினைத்துக்கொண்டு ஓடிவந்து என் கையைப் பிடித்தான். தென்காசிப் பக்கத்துப் பையன். 'ரொம்ப உபகாரம் அண்ணாச்சி' என்று சொல்லி, போனில் போட்டோ காட்டினான். 'பொம்பளப் பிள்ள அண்ணாச்சி. இங்கன வீடு பாத்தாச்சு. மூணு மாசம் ஆனதும் ரெண்டு பேரையும் கூட்டியாந்துருவேன்' என்றான். 'அதுவரைக்கும் எப்படிப்பா இருக்கப் போறே?' என்று கேட்டேன். 'அத ஏன் கேக்கிய அண்ணாச்சி' என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். அட்டையைக் கழற்றி அவன் கழுத்தில் மாட்டிவிட்டேன். எல்லோரும் ஏறினார்கள். முனிவேல் எண்ணினார், முப்பத்தாறு சரியாக இருந்தது. வருத்தமில்லை என்று எழுதினால் அது பொய். பஸ் போனபிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

ஆகவே புதன்கிழமை நீங்கள் வர வேண்டாம். டிசிக்கு நானே கையெழுத்துப் போட்டு, நானே வாங்கிக்கொண்டு வருகிறேன். காயைத் தரம் பிரிக்க ஆள் கிடைக்காமல் நீங்கள் திண்டாடுவதாகக் கோபி சொல்கிறான். அடிபட்ட காயைத் தடவிப் பார்த்தே எடுத்துவிடுவேன், அந்தக் கவலையை என்னிடம் விடுங்கள். அங்கிருந்தபடியே வேலையும் தேடுகிறேன். கிடைத்தால் மூன்று பேருமாகக் கிளம்புகிறோம். வேலை கிடைத்ததும் கொண்டுவந்து விடுகிறேன் என்றீர்கள். வேலை இருக்கிறவன் எப்படியாவது சமாளித்துக்கொள்வான் மாமா. இல்லாதவனுக்குத்தான் பெண்டாட்டி பிள்ளை பக்கத்தில் இருக்க வேண்டும். மாமனார் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிறான் என்று ஊரில் நாலு பேர் பேசுவார்கள். பேசட்டும். ஏழு வாரமாக வீட்டில் ஒரு பேச்சுச் சத்தம் கேட்காமல் இருந்துவிட்டேன், அதுகூடக் காதுக்கு நன்றாகத்தான் இருக்கும்.

புதன்கிழமை மத்தியானம் ஒரு மணி பஸ்ஸில் வேப்பனப்பள்ளியில் இறங்குவேன். மாப்பிள்ளைக்குச் செய்கிற மரியாதை எதுவும் வேண்டாம், வண்டியும் அனுப்ப வேண்டாம். பஸ் நிற்கிற இடத்துக்கு ரேவதியை மட்டும் அனுப்பிவையுங்கள். தனியாக.